பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (சூலை 17, 1914 - சூலை 8, 2003) தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தின் மூலம் மீண்டும் இயங்கச் செய்த மருத்துவர் ஆவார். ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்த இவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

இளமை

இவரது பெற்றோர் ஜெசி பிராண்ட், ஈவ்லின் ஆகியோர் சமயப் பணியாளர்கள். கொல்லிமலை முன்பு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. (இன்றைய ஓசூரும் கிருட்டிணகிரியும் கூட அப்போது அம்மாவட்டத்திலேயே இருந்தன.) ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தையை அவர் பின்னர் காணவில்லை. 1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார்.

பால் முதலில் மருத்துவத்தை விரும்பவில்லை. தச்சும் கொத்துவேலையும் கற்றார். பின்னர் மனம் மாறி இலண்டனில் மருத்துவம் பயின்றார். உலகப் போர்க் காலக் குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் அங்கு கிடைத்தது. 1943இல் உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார். 1946இல் வேலூர் வந்தார்.

கை அறுவை மருத்துவம்

தொழுநோய் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் 1947இல் இவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கு விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றிய பிராண்ட், பிடியின் வலுவை உணர்ந்து வியந்தார். செயலிழந்ததாகக் கருதப்பட்ட கையில் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன.

தொழுநோயில் தசை அழுகுகிறது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. உண்மையில் கிருமி தாக்குவது நரம்பை. தோலுக்கு அருகில், குளிர்ச்சியான இடங்களில், முழங்கையிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலும் நரம்புகள் வீங்குகின்றன. இன்று கணினிப் பணியாளர்கள் பலரும் அஞ்சும் மணிக்கட்டுக் குகை நோயிலும் (கார்பல் டன்னல்) அழுத்தப்படுவது அங்கு செல்லும் நடுநரம்பே. அந்நோயில் குறுக்கே உள்ள இணைநாரை வெட்டினால் அழுத்தம் நீங்கி, நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் தொழுநோயில் நெடுங்காலம் சிதைந்த நரம்பு அவ்வாறு மீள்வதில்லை. ஆகவே பிராண்ட் வேறு வழியை நாடினார்: முன்கையில் நலமாக உள்ள தசையைக் கடன் வாங்குதல்.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் நாணை இடம் மாற்றி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதனுடன் இணைத்து, நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொண்டு சென்றார். பின்னாளில் இந்நாண்களை மணிக்கட்டுக் குகையின் வழியாகவே செலுத்தும் முறையையும் கையாண்டார். அறுவைக்குப் பின் புதிய தசையைப் பழக்கும் பயிற்சி இன்றியமையாதது.

நவஜீவ நிலையம்

கை திருந்தியோருக்கு ஒரு விந்தையான இடர் நேர்ந்தது. மடங்கிய விரல்களுடன் பிச்சை எடுத்தவர்களுக்கு நேரான விரல்களுடன் அதுவும் கிடைக்கவில்லை; வேலை தரவும் எவரும் முன்வரவில்லை. இதற்காக 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு தச்சுவேலை கற்பிக்கப்பட்டது. பிராண்டின் இளமைத் தொழில் இங்கு கைகொடுத்தது.

அங்கு மற்றொரு உண்மையும் புலப்பட்டது. திருந்திய விரல்களில் புதிய காயங்கள் தோன்றின. நோயாளிகள் சூடான பாத்திரத்தை உணராமல் பிடித்தனர். உறக்கத்தில் எலிகள் விரல்களைக் கடித்தும் விழிக்கவில்லை. அதனால் அவர்களுக்குப் பூனைகள் தரப்பட்டன. விரல்கள் குறைவதற்குக் காரணம் நோய் நேரடியாகத் தின்பதன்று, வலியின்மையே என்று பிராண்ட் வலியுறுத்தினார். உணர்விழந்த பாதங்களுக்கென நுண்துளை இரப்பர் செருப்புகளும் இப்பணியில் உருவாயின.

பயணம் ஒன்றின்போது தமது குதிகாலில் உணர்வில்லை எனக் கண்டு தமக்கும் நோய் தொற்றியதாக ஓர் இரவு முழுவதும் அஞ்சினார். காலையில் ஊசி குத்தியபோது வலித்தது. அவ்வலியில் அவர் பெருமகிழ்ச்சி அடைந்தார்.

பிற்காலம்

1960இல் லாசுக்கர் விருதும் 1961இல் பிரித்தானிய அரசின் சிபிஈ விருதும் பெற்றார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதம் பற்றிய அவரது முறைகள் அங்கு நீரிழிவு நோயாளிகளின் கால் புண்களுக்கும் பயன்படுத்தப்பட்டன. அவருடைய தாய் ஈவ்லின் முதுமையிலும் தமிழ்நாட்டு மலைகளிலேயே பணியாற்றி 1974இல் காலமானார். ஓய்வுக்குப் பின் சியாட்டிலில் வாழ்ந்த பால் பிராண்ட் அங்கேயே 2003இல் மறைந்தார்.