செசில் டின்டேல்-பிஸ்கோ

செசில் ஏர்ல் டின்டேல்-பிஸ்கோ (பெப்ரவரி 9, 1863 - ஆகஸ்ட் 1, 1949) இங்கிலாந்தைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மதகுருவும் கல்வியாளரும் ஆவார். 1890 முதல் 1947 வரை காஷ்மீரில் பணியாற்றினார். ஸ்ரீநகரில் இவர் தலைமையேற்று நடத்திய பள்ளி இன்று இவரது பெயரால் அழைக்கப்படுகிறது. கால்பந்தாட்டம், குத்துச்சண்டை, படகோட்டம், நீச்சல் ஆகியவற்றைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக்கி, அவற்றின் வழியாகச் சாதி ஆசாரங்களை எதிர்கொண்டமைக்காக அறியப்படுகிறார்.

இளமை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள ஹோல்ட்டனில் பிறந்தார். பிராட்ஃபீல்டு கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரியிலும் பயின்றார். உருவத்தில் சிறியவராதலால் துடுப்பு வலிப்பவராக அன்றிப் படகைத் திசைதிருப்பும் சுக்கானியாகப் பயிற்சி பெற்றார். 1884ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டுக்கு எதிரான படகுப் போட்டியில் வென்ற கேம்பிரிட்ஜ் அணியின் சுக்கானி இவரே. குருப்பட்டம் பெற்ற பின் இலண்டனின் ஏழைகள் வாழும் வைட்சாப்பல் பகுதியில் உதவிக் குருவாக இருந்தார். 1890இல் சர்ச் மிஷனரி சங்கம் இவரைக் காஷ்மீருக்கு அனுப்பியது.

ஸ்ரீநகர் பள்ளி

ஸ்ரீநகரில் சர்ச் மிஷனரி சங்கம் நடத்திவந்த பள்ளிக்கு அப்போது ஜேம்ஸ் ஹின்டன் நோல்ஸ் பொறுப்பாக இருந்தார். காஷ்மீரி நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர் இவர். இவரிடமிருந்து டின்டேல்-பிஸ்கோ பள்ளியை ஏற்றார். மாணவர்களுள் பெரும்பாலோர் பண்டிதர் எனப்படும் காஷ்மீரப் பிராமணர் வீட்டுப் பிள்ளைகள். அரசாங்க வேலைக்குத் தேவையான படிப்பே அவர்களது நோக்கமாக இருந்தது. உடலுழைப்பும் விளையாட்டும் தம் குலத்துக்குத் தகாதவை என்று அவர்கள் கருதினர். நீண்ட ஃபெரன் அங்கிக்குள் காங்ரி என்னும் கனல் சட்டியை வைத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருப்பதே வழக்கமாக இருந்தது.

முதல் கால்பந்தாட்டம்

1891இல் டின்டேல்-பிஸ்கோ பிளான்ச் வயலட் பர்ஜஸ் என்பவரை மணந்தார். அவ்வாண்டு பம்பாயிலிருந்து திரும்பியபோது தோலால் ஆன கால்பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். பந்து தோலால் செய்யப்பட்டது என்று அறிந்ததும் அதைத் தொட்டால் தீட்டு என மாணவர்கள் மறுத்துவிட்டனர். எனினும் அவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று இரு அணிகளாக நிறுத்தினார். மாணவர்கள் விலகி ஓடாதபடி ஆசிரியர்கள் கம்புகளுடன் எல்லையில் நின்றனர். வேடிக்கை பார்க்க ஊர்மக்கள் கூடினர்.

வேறு வழியின்றி ஆட்டம் தொடங்கியது. மரக்காலணிகளும் தலைப்பாகைகளும் பறக்க மாணவர்கள் பந்தை உதைத்தனர். சிறிது நேரத்தில் பந்து ஒரு மாணவனின் முகத்தில் பட்டது. தோல் முகத்தில் பட்டதால் அவன் தீட்டடைந்தான் எனக் கூறி அனைவரும் ஆட்டத்தை நிறுத்தினர், அவன் அழுதான். அருகிலிருந்த கால்வாய்க்கு அழைத்துச் சென்று முகம் கழுவச் செய்யுமாறு டின்டேல்-பிஸ்கோ பணித்தார். நீரால் தீட்டு நீங்கும் என்பது மாணவர்களே ஏற்ற ஆசாரமாதலால், ஆட்டம் மீண்டும் நடந்தது. தொடக்கத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த இவ்விளையாட்டைப் பின்னர்ப் பிற பள்ளிகளும் மேற்கொண்டன.

படகும் குத்துச்சண்டையும்

ஜீலம் ஆறு ஸ்ரீநகரின் நடுவே ஓடுகிறது. எனினும் படகு வலிப்பது ஹாஞ்சி எனப்படும் படகோட்டிகளின் தொழில் எனக் கருதப்பட்டதால் பண்டிதர் பிள்ளைகள் துடுப்பைத் தொடுவதில்லை. டின்டேல்-பிஸ்கோ அவர்களைத் துடுப்புப் பிடிக்கச் செய்தார். குறுக்காக அமைந்த இரண்டு துடுப்புகள் பின்னர்ப் பள்ளியின் சின்னமாயின. நீந்தத் தெரியாத மாணவர்களிடம் கூடுதல் கட்டணம் பெறப்பட்டது. இதனால் பெற்றோரே பிள்ளைகளை நீச்சல் கற்குமாறு வற்புறுத்தினர்.

குத்துச்சண்டை தற்காப்புக்காகக் கற்பிக்கப்பட்டது. தெருவில் தம்மைத் துன்புறுத்தும் பெரியவர்களிடமிருந்து சிறுவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

மதிப்பெண் முறையும் இதற்கேற்ப அமைந்தது. மொத்த மதிப்பெண்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பாடங்களுக்கு வழங்கப்பட்டது. மற்ற இரு பங்குகளும் உடற்பயிற்சிக்கும் நன்னடத்தைக்கும் உரியனவாயின.

சமூகப் பணி

உடல் வலிமை பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது இவரது கொள்கை. 1892இல் ஸ்ரீநகரில் வாந்திபேதி பரவியது; 1893இல் பெருவெள்ளம் ஏற்பட்டது. இத்தகைய இடர்களில் உதவுவதும், தீயணைப்பதும், நீரில் மூழ்குவோரை மீட்பதும், நோயாளிகளைப் படகில் ஏற்றிச் செல்வதும் பள்ளியின் பணிகளாயின. குழந்தை மணத்தை இவர் எதிர்த்தார். இவரது மாணவரும் பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியருமான சங்கர் கௌல், இந்துக் கைம்பெண்களின் மறுமணத்துக்காக உழைத்தார். பெண் கல்விக்கும் இவரது ஆதரவு இருந்தது. 1912இல் கைசர்-இ-இந்து பதக்கம் பெற்றார்.

மதிப்பீடு

மதகுருவாக இருந்தும் இவரது நீண்ட பணிக்காலத்தில் கிறித்தவம் தழுவியோர் மிகச் சிலரே. மாணவர்களின் குணநலனைப் பேணுவதே தம் முதற்பணி என இவர் கருதினார். ஆயினும் இவரது முறை வற்புறுத்தலை அடிப்படையாகக் கொண்டது. காஷ்மீர மக்களைப் பற்றி இவர் எழுதியவற்றில் ஆளும் இனத்தவரின் இளக்காரம் பல இடங்களில் தென்படுகிறது. விளையாட்டு வரலாற்றாய்வாளர் ஜே. ஏ. மாங்கன், பேரரசு தன் ஒழுக்கநெறியை விளையாட்டின் வழியே பரப்பியமைக்கு எடுத்துக்காட்டாக இவரை ஆராய்ந்துள்ளார். மறுபுறம், இவரிடம் பயின்ற காஷ்மீரிகளே பின்னர் இப்பணியை விரும்பித் தொடர்ந்தனர் என்பதும் கருதத்தக்கது.

இந்தியாவில் உடற்கல்வி ஒரு தனித்துறையாக வளர்ந்தது இதற்குப் பின்னரே. 1920இல் அமெரிக்கரான ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ரீநகர் பள்ளியில் விளையாட்டு பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது.

இறுதிக்காலம்

1947இல் காஷ்மீரை விட்டு வெளியேறி, தெற்கு ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) குடியேறினார். 1949இல் அங்கு சாலிஸ்பரி (இன்றைய ஹராரே) நகரில் காலமானார். இவரது தன்வரலாறு 1951இல் வெளிவந்தது. ஸ்ரீநகரின் ஷேக் பாக் பகுதியில் இவரது பள்ளி தொடர்ந்து இயங்கி வருகிறது.