காலத்தைப் பாடியே கடத்திய கலைவாணர்

மண்ணூர்த் தோழர்களே! எட்டு மணி நேர ஷிப்டு நமக்கு மெல்லத்தான் நகர்கிறது. திரைப்படத்திலோ நாள்காட்டித் தாள்கள் நாலைந்து பறந்தால் போதும், பத்தாண்டு பறந்துவிடும்! சிறைக்குச் சென்றவன் மறு காட்சியில் திரும்பி வந்துவிடுவான். நாமும் நம்பிவிடுவோம்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வாழ்வில் காலம் அப்படிப் பறக்கவில்லை. 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வில்லுப்பாட்டும் நாடக மேடையும் வளர்த்த கலைஞர், 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி' படத்தில் நடித்தார். புகழின் உச்சியில் இருந்தவரை, 1944 இறுதியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சிறைக்கு அனுப்பியது. 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இடைப்பட்ட ஈராண்டுக்கும் மேலான காலத்தை நாள் நாளாகக் கழித்தார் அவர்.

வெளியே வந்தவர் என்ன செய்தார்? நம் காஞ்சி தந்த அண்ணா உரையாடல் தீட்டிய 'நல்லதம்பி' படத்தில், 1949இல், கிந்தனார் காலட்சேபம் நடத்தினார். சேரியில் பிறந்த கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், அதிகாரியாக ஊர் திரும்புகிறான். அத்தனை ஆண்டுகளையும் சில நிமிடங்களில் பாடியே கடத்தினார். ஆண்டுகள் ஓடியதை நமக்கு உணர்த்தியது எது? கிந்தன் கற்ற கல்வி!

காலட்சேபம் என்றால் காலம் கழித்தல் என்று பொருள். பயனோடு கழிப்பது எப்படி என்று காட்டிவிட்டு, 1957 ஆகஸ்ட் 30இல் கலைவாணர் மறைந்தார்.

திரையில் சில நிமிடம். ஊரிலே எத்தனை ஆண்டு, தோழர்களே? நம் வீட்டுக் கிந்தன் இன்று பள்ளிக்குப் போனானா?