ஸர் வால்ட்டர் ஸ்காட் கடன் தீர்த்த வரலாறு

ஆங்கில நவீனங்களைப் பயில்வோருள் ஸர் வால்ட்டர் ஸ்காட் என்னும் பெயரைக் கேளாதார் இலர். பள்ளிப் பருவத்தில் அவர் இயற்றிய ஐவன்ஹோவைச் சுருக்கப் பதிப்பிற் படித்து, வீரரும் கோட்டைகளும் நிரம்பிய அக்கதையில் மயங்கினாரும் உளர். நெடிய வருணனைகளிற் சலித்து இடையிலே நூலை மூடினாரும் உளர். யாம் இரண்டாங் கூட்டத்தைச் சேர்ந்தேம் என்பதை ஒளிப்பானேன்? அவர் எழுதிய கதைகளினும் அவர் பட்ட கடனின் கதையே எம்மை அவர்பால் ஈர்த்தது. ஐம்பத்து நான்காம் வயதில், ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் தம் தலைமேல் விழக் கண்டவர் அவர். எஞ்சிய வாழ்நாள் முழுதும் அதனைத் தீர்ப்பதிலே கழிந்தது. அவ்வாண்டுகளில் அவருள்ளம் எங்ஙனம் நிலைகொண்டது, எங்கெங்கே தளர்ந்தது என்பதனையே ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ஸ்காட் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டத் தொழிலினர். குழந்தைப் பருவத்தே நோயொன்று கண்டு வலக்கால் முடமாயிற்று. உடல்நலம் கருதிப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவர், ஸ்காட்லாந்தின் தென்னெல்லைப் புறத்து வழங்கிய பழங்கதைகளையும் பாடல்களையும் கேட்டு வளர்ந்தார். 1792-இல் வழக்கறிஞரானார், 1797-இல் ஷார்லட் என்னும் நங்கையை மணந்தார், பின்னர் ஷெரீப்பு வேலையும், எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் எழுத்தர் பதவியும் பெற்றார். 1805 முதற் பாவலராகவும், 1814-இல் வேவர்லி வெளிவந்தது தொட்டு நவீன ஆசிரியராகவும் அவர் அடைந்த புகழை விரிப்பின் பெருகும். ஒன்று மட்டும் நினைவில் இருத்தற்குரியது. நவீனங்களில் ஒன்றிலேனும் அவர் தம் பெயரை இட்டாரல்லர். ஆசிரியர் யாவர் என நாடே வினவிக் கொண்டிருக்க, அவர் வாளா இருந்தார்.

அவர் மறைத்த செய்தி அஃதொன்றன்று. பள்ளித்தோழராகிய ஜேம்ஸ் பாலன்டைன் என்பாரின் அச்சகத்தில் 1805 முதல் அவர் பங்காளியாயிருந்தார். நீதிமன்றப் பதவியுடைய ஒருவர் வாணிகத்திற் கலந்திருத்தல் மதிப்பிற்குக் குறைவென்று கருதியே போலும், அதனையும் வெளியிட்டிலர். 1811-இல் ட்வீட் ஆற்றங்கரையிற் சிறு பண்ணையொன்றை வாங்கி, அதற்கு அபட்ஸ்போர்டு எனப் பெயரிட்டார். பின்னர் அண்டை நிலங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார், மரங்கள் நட்டார், கோட்டை போன்றதொரு மாளிகையும் எழுப்பினார். தம் மரபினர் வழிவழியாக அந்நிலத்தை ஆளவேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? எழுதிய நூல்களிலிருந்து மட்டுமன்று, இனி எழுதப்போகும் நூல்களிலிருந்தும் வந்தது. பதிப்பாளராகிய கான்ஸ்டபிளும் பாலன்டைனும் ஒருவர்மீது ஒருவர் உண்டியல் எழுதி, அவ்வுண்டியல்களை வங்கிகளில் மாற்றிப் பணம் பெற்று வந்தனர். உண்டியலுக்குக் கெடு வந்தபோது புதிய உண்டியல் எழுதிப் பழையதைத் தீர்த்தனர். யாவர்க்கும் யாவரும் பிணையாகிய இவ்வலையில் ஓரிழை அறுந்தால் முழுவதும் அவிழும் என்பதை வணிகர் அறிவர். சட்டம் கற்ற ஸ்காட் அறியாதிருந்தார் என்றல் பொருந்துமா? அறிய விரும்பாதிருந்தார் என்பதே எம் கருத்து. அவருடைய நேர்மையைப் புகழ்வோர் பலரும் இப்பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். கடன் வானத்தினின்று வீழ்ந்ததன்று. அவர் கைப்பட வளர்த்ததே.

1825-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பணநெருக்கடி உண்டாயிற்று. வங்கிகள் பல வீழ்ந்தன. கான்ஸ்டபிளின் லண்டன் முகவர் முறிந்தனர். அவரைத் தொடர்ந்து கான்ஸ்டபிளும், பின்னர்ப் பாலன்டைனும் முறிந்தனர். 1826 ஜனவரி 17-ஆம் நாட் காலையிற் பாலன்டைன் வந்து முடிவினைத் தெரிவித்தார். ஸ்காட்டின் இரண்டு பதவிகளுக்கும் சேர்ந்த ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 1,600 பவுன். அச்சம்பளத்தில் ஒரு காசும் செலவிடாது சேர்த்தாலும் கடன் தீர எழுபத்தைந்து ஆண்டுகள் வேண்டும்!

நற்பேறாக, அவர் 1825 நவம்பர் 20-ஆம் நாள் முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தார். வீட்டாருக்கும் நண்பருக்கும் அவர் காட்டிய முகம் வேறு. அக்குறிப்பேட்டிற் காட்டிய முகம் வேறு. புறத்தே கலங்காத மலைபோல் நின்றவர், அகத்தே உறக்கமின்மையையும் நெஞ்சு துடிப்பதையும் காரணமின்றி உள்ளம் அமிழ்வதையும் மறையாது குறித்தார். கேடு வருமென்ற வதந்தி முதலிற் கேட்ட டிசம்பர் மாதத்தில் அவரை மிகவும் வருத்திய எண்ணம் எது? மாளிகை போகுமே என்பதன்று. தம் நாய்கள் இனி யாரிடம் போய் எங்ஙனம் வாழும் என்பதே. பெருந்துயர் வந்துழி மனம் அதன் முழுவுருவையும் நோக்க அஞ்சிச் சிறியதொன்றைப் பற்றிக்கொண்டு அழும் போலும்.

வீழ்ச்சிக்குப்பின் ஒருவாரங் கழித்து நீதிமன்றம் சென்றார். எல்லாரும் தம்மையே நோக்குகின்றனர், தம் கேட்டையே எண்ணுகின்றனர் என்று அவருக்குத் தோன்றிற்று. கடன்காரன் கடையைக் கடவாது சந்துவழியே சுற்றிச் செல்வோரை எம்மூரிற் கண்டிருக்கின்றோம். ஸ்காட்டோ சுற்றிச் செல்லவில்லை. நேரே சென்று தம் இருக்கையில் அமர்ந்தார். சிலர் அன்போடு கைகுலுக்கினர். அவரவர் வேலையை அவரவர் பார்த்தனர்.

அவருக்கு இருவழிகள் இருந்தன. நம் நாட்டில் மஞ்சட் கடுதாசி கொடுத்தல் என்பார்களே, அதுபோற் சட்டப்படி திவாலாகி, உள்ளதைப் பங்கிட்டுக் கொடுத்து விடுதலை பெறுவது ஒன்று. தம் உடைமையையும் இனி எழுதும் நூல்களின் வருவாயையும் டிரஸ்டிகளிடம் ஒப்புவித்து முழுக் கடனையும் தீர்ப்பது மற்றொன்று. அவர் இரண்டாவதைக் கைக்கொண்டார். அபட்ஸ்போர்டை மூத்த மகன் திருமணத்தின்போதே அவன்பேரில் எழுதிவைத்திருந்ததனால் அதனை விற்றற்கில்லை. எடின்பரோ நகரில் இருந்த வீடு விற்கப்பட்டது. உதவியும் வந்தது. பெயர் தெரிவியாத அன்பரொருவர் 30,000 பவுன் தர முன்வந்தார். அவருடைய மகளிர்க்கு யாழ் கற்பித்த ஆசிரியர் தாம் சேர்த்துவைத்த 500, 600 பவுனையும் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். இரண்டையும் ஸ்காட் மறுத்தார். ஆயினும் அவ்வாசிரியரின் அன்பு அவர் நெஞ்சை உருக்கிற்று. வண்டியோட்டி ஏர் பிடித்தான். வீட்டுப் பணிகளை மேற்பார்த்த முதுவேலையாள் பாதிச் சம்பளத்திற்குப் பல வேலைகளையும் ஏற்றுக்கொண்டு வீட்டைவிட்டுப் போக மறுத்தான்.

பின்னர்த் தொடங்கியது எழுத்து. முறிவுச் செய்தி வந்த வாரத்திலேயே, பாதியில் நின்ற உட்ஸ்டாக் என்னும் நவீனத்தை மீண்டும் கையிலெடுத்தார். நாளொன்றுக்கு இத்தனைப் பக்கம் என வரையறுத்துக்கொண்டார். கடனின் முழுத்தொகையை எண்ணினால் கை ஓடாது. அன்றைய பக்கங்களை எண்ணினால் ஓடும். எழுதும் வேளையில் துயரை மறத்தலும் கூடிற்று. எனினும் இம்மருந்து எந்நாளும் பலித்ததன்று. எழுதுகோலைத் தொடவும் வெறுப்புற்ற நாட்களும் அக்குறிப்பேட்டில் உள. அந்நாட்களிற் காட்டினுட் சென்று, பழைய வேலையாளாகிய டாம் பர்டியுடன் மரங்களைப் பார்த்து வருவார்.

அவ்வாண்டு மே மாதம் மனைவியார் நோய்வாய்ப்பட்டு அபட்ஸ்போர்டிற் கிடந்தார். நீதிமன்றம் கூடும் நாள் வந்தது, சம்பளத்தை இழத்தற்கில்லை. துன்பமான ஓரிரவின் பின் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த அவரை எழுப்ப மனமின்றி, விடைபெறாமலே ஸ்காட் எடின்பரோவுக்குப் புறப்பட்டார். மே 15-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். செய்தி கேட்டு ஓடிவந்து, டிரைபரோ மடத்தின் இடிபாடுகளினிடையே அடக்கஞ்செய்து, சில நாட்களில் வாடகை அறைக்குத் தனியே மீண்டார். அறையோ நல்லதன்று, மூட்டைப்பூச்சியும் உடையது. கடன் ஒருவரிடமிருந்து பறிப்பது பொருளை மட்டுமோ? பக்கத்திலிருந்து விடைபெறும் நேரத்தையும் பறித்தது.

அவ்வறையிலும் பின்னர் எடுத்த வாடகை வீட்டிலும் நெப்போலியன் வரலாறு உருவாயிற்று. 1827-இல் ஒன்பது பகுதிகளாய் வெளிவந்து ஏறக்குறைய 18,000 பவுன் ஈட்டிற்று. உட்ஸ்டாக் 8,000 பவுனுக்கு மேல் தந்தது. 1827 பெப்ரவரியில் விருந்தொன்றில், நவீனங்களின் ஆசிரியர் தாமே என வெளிப்படக் கூறிவிட்டார். கணக்கேடுகள் கடன்காரர் கையிற் போனபின் மறைவு ஏது? ஆயினும், மறைத்துவைத்த இரண்டும் வெளிப்பட்டபின் அவருடைய நெஞ்சின் சுமை சிறிது இறங்கியிருக்கும் என்றே எண்ணுகின்றோம்.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்ததொன்றை விட மனமில்லை. லண்டன் வட்டிக்கடைக்காரர் சிலர் ஏனையோருடன் இசையாது, தம் தொகையை உடனே தரவேண்டும், இல்லையேற் சிறைப்படுத்துவோம் என்றனர். ஸ்காட் நாட்டைவிட்டுப் போவதா, கடனாளிகள் புகலிடமாகிய ஹோலிரூட் எல்லையுட் புகுவதா என்றெல்லாம் எண்ணலானார். திடீரெனத் தொல்லை அடங்கிற்று. அடக்கியவர் ஸர் வில்லியம் பார்ப்ஸ் என்னும் வங்கியாளர். ஏறக்குறைய 2,000 பவுனைத் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்துவிட்டு, ஸ்காட்டுக்குத் தெரியாமற் காத்தார். இவர் யாவர்? ஸ்காட் இளமையிற் காதலித்து எய்தப்பெறாத வில்லியமினா என்னும் நங்கையை மணந்தவரே இவர். அம்மங்கை 1810-இலேயே காலமானார். வட்டிக்கடைக்காரரின் அச்சுறுத்தலால் மனம் அலைந்த அந்நாட்களிலேயே, ஸ்காட் அம்மங்கையின் முதிய தாயாரைக் காணச் சென்று, இருவரும் பழமை பேசிக் கண்ணீர் விட்டனர். பார்ப்ஸ் செய்த உதவியை ஸ்காட் அறிந்தது, 1828-இல் அவர் இறந்த பின்னரே.

1827 இறுதியிற் கடன்காரர்க்குப் பவுனுக்கு 6 ஷில்லிங்கு வீதம் முதற்பங்கு கொடுக்கப்பட்டது. நோயுற்ற பேரனுக்காக எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றுக் கதைகள் நாடெங்கும் விலைபோயின. 1829 முதற் கேடல் என்னும் பதிப்பாளர் எல்லா நவீனங்களையும் ஆசிரியர் முன்னுரையோடு 5 ஷில்லிங்கு விலையில் மாதந்தோறும் வெளியிட்டார். அதுவே கடனை மிகுதியும் கரைத்தது. ஆயின் உடல் கரைந்தது அதற்கு முன். 1830 பெப்ரவரியில் வாதநோய் தாக்கிப் பேச்சு சிறிது நேரம் நின்றது. மருத்துவர் எழுதலாகாது என்றனர், அவர் நிறுத்தினாரில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் பங்கு பவுனுக்கு 3 ஷில்லிங்கு கொடுத்தபோது, கடன்காரர் ஒருங்குகூடி, அவருடைய நூலகத்தையும் தட்டுமுட்டுக்களையும் அவருக்கே நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தனர். கடன் கொடுத்தோர் கடனாளிக்கு நன்றி கூறியது அரிதன்றோ! அதன்பின் எழுதிய நவீனங்களில் அறிவின் ஒளி மங்கியது. பாலன்டைனும் கேடலும் அதனை எடுத்துரைத்தபோது அவர் பெரிதும் புண்பட்டார். எழுத்தே மருந்தாயிருந்தது; அம்மருந்தே நஞ்சாயிற்று. எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அளந்து கூற எம்மால் இயலவில்லை.

1831 அக்டோபரில் அரசாங்கம் கொடுத்த போர்க்கப்பலில் மால்ட்டாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் சென்றார். ஆங்கே அவர்க்கு ஒரு மயக்கம் தோன்றிற்று. கடனெல்லாம் தீர்ந்துவிட்டது, இனித் தாம் விடுதலை பெற்றவர் என்று நம்பிக் களித்தார். உண்மையில் 50,000 பவுனுக்கு மேல் நின்றது. உடனிருந்தார் எவரும் அதை மறுத்துரைத்திலர். 1832 ஜூலையில் அபட்ஸ்போர்டுக்குக் கொண்டுவரப்பட்டார். ஒருநாள் மேசையருகே அமர்த்தச் சொல்லி எழுதுகோலைக் கேட்டார். மகள் அதனை விரல்களிடையே வைத்தாள், விரல்கள் மூடவில்லை, கோல் காகிதத்தின்மேல் வீழ்ந்தது. செப்டம்பர் 21-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவருடைய உயிர்க்காப்புறுதித் தொகையாகிய 22,000 பவுனும், நூலுரிமையின்மேல் கேடல் முன்பணமாகக் கொடுத்த 30,000 பவுனுங் கொண்டு, 1833-இற் கடன்காரர் கணக்கு முடிக்கப்பட்டது. நிலத்தின்மேல் நின்ற எஞ்சிய பொறுப்பு, நூல்களின் எஞ்சிய உரிமையைக் கேடல் பெற்றுக்கொண்டதனால், 1847-இல் நீங்கிற்று. அபட்ஸ்போர்டு அன்றுதான் கடனற்ற நிலமாயிற்று. எவனுக்காக அந்நிலம் சேர்க்கப்பட்டதோ அம்மூத்த மகன், படைத்தலைவனாய் இந்நாட்டிற் பணிபுரிந்து, நோயுற்றுச் சென்னையிற் கப்பலேறி, மகப்பேறின்றி அவ்வாண்டு பெப்ரவரியிலேயே நன்னம்பிக்கை முனையருகே கடலில் இறந்து போயிருந்தான்.