நகரி மலைக் கல்லும் புரூஸ் ஃபூட்டும்

நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரரைத் தரிசிக்கப் புத்தூரில் ரயிலை விட்டு இறங்குவோருக்கு நகரி மலைத்தொடர் கண்ணில் படாமல் இராது. அக்காலக் கப்பலோட்டிகள் அந்த மலையின் மூக்கைக் கொண்டே சென்னைக் கரையை அடையாளம் கண்டனர். மணல் இறுகிக் கெட்டிப்பட்ட குவார்ட்சைட் பாறை அது. மழையும் வெயிலும் அதை எளிதில் அசைப்பதில்லை. அந்த இனக் கல்லால் உலகப் புகழ் அடைந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தில் 1834-ல் பிறந்த ஃபூட், 1858-ல் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலருடன் பைபிளைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார்.

1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியைப் பார்வையிட்டபோது, செம்புறைச் சரளையில் செதுக்கிய குவார்ட்சைட் கல் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதே செப்டம்பரில் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சென்று, கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். மனிதன் தோன்றிச் சில ஆயிரம் வருஷங்களே ஆயின என்று பலர் நம்பிய காலம் அது. அவை ஆதிமனிதன் கைவேலை என ஃபூட் துணிந்து எழுதினார்.

எலும்பு எங்கே?

கருவிகள் ஏராளமாகக் கிடைத்த இடங்களில் எலும்பு மிக அரிதாகவே இருந்தது. இதற்கு மண்ணின் ரசாயனமே காரணம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. அது பாறையில் கரையக்கூடியவற்றை அரித்துச் செல்ல, இரும்பும் அலுமினியமும் மிஞ்சுகின்றன. இரும்பு துருவேறிச் செம்புறை மண் உண்டாகிறது. செவ்வாய்க் கிரகம் சிவந்திருப்பதற்கும் இரும்புத் துருவே காரணம். அந்த அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும். குவார்ட்சைட் மட்டும் நிலைக்கும்.

கர்நூல் சீமையின் பில்லசுர்க்கம் குகைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. சுண்ணாம்பு அமிலத்தை முறிப்பதால் எலும்பு அழிவதில்லை. 1884-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் அங்கே தோண்டியபோது காண்டாமிருகம் உள்ளிட்ட மிருகங்களின் எலும்புகள் கிடைத்தன.

1891-ல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணிபுரிந்தார். அவர் சேகரித்தவை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். அவர் குடியிருந்த ஏற்காட்டில் உள்ள தேவாலயத்தில் அவரது நினைவிடம் இருக்கிறது.

அத்திரம்பாக்கம் கருவிகளின் வயது அவருக்குத் தெரியாமலே போயிற்று. அந்தக் குவார்ட்சைட் கற்களிலேயே உறைந்திருந்த அலுமினிய, பெரிலிய அணுக்களை அளந்து, அவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை என 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். செய்தவனின் எலும்பை மண் கரைத்துவிட்டாலும் அவன் காலத்தைக் கல் காத்து வைத்திருந்தது.