லெட் பெல்லியும் 12 கம்பி கிட்டாரும்

பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய 12 கம்பி கிட்டார் தேடுவோர் லெட் பெல்லியை அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இவரது இயற்பெயர் ஹடி லெட்பெட்டர். வன்செயல்களுக்காகப் பலமுறை சிறை சென்றவர். 1933ல் அங்கோலா சிறையில் ஜான் லோமாக்ஸ் இவரது பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். மறு ஆண்டு விடுதலையானார்.

இவர் கையில் இருந்தது விலை மலிவான ஸ்டெல்லா கிட்டார். சுருதியை நன்கு தாழ்த்தி வாசித்ததால் ஓசை கனத்தது. கம்பிகளின் இழுவிசையும் குறைந்தது. அந்த இழுவிசைதான் 12 கம்பி கிட்டாருக்கு எமன். வாங்குமுன் கழுத்துப் பகுதி வளைந்துள்ளதா, பிரிட்ஜ் பெயர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

1949 டிசம்பர் 6ஆம் தேதி நியூயார்க்கில் லெட் பெல்லி காலமானார். 1950ல் வீவர்ஸ் குழு பாடிய இவரது ‘குட்நைட் ஐரீன்’ அமெரிக்காவெங்கும் ஒலித்தது. அதைக் கேட்க அவர் இல்லை.