நாற்காலியை விட்டுக் கொடுத்த நல்லாசான்

பதவியைப் பிடிப்பது அரிது என்பார்கள். பிடித்த பதவியை விடுவது அதனினும் அரிது. விடும்போது, தகுதி வாய்ந்த இளைஞன் ஒருவனைத் தேடிக் கண்டு, அந்த இடத்தில் அமர்த்திவிட்டு விலகுவதோ ஆயிரத்தில் ஒருவர்க்கே ஆகும். அந்த ஒருவர், வித்துவான் தியாகராச செட்டியார்!

1826-இல் பூவாளூரில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். குடந்தை அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தவர். அது எத்தகைய காலம்? ஆங்கிலம் அரியணையில், அன்னைத் தமிழோ வாயிற்படியில்! தமிழ் கற்பிப்போர் குனிந்து நடந்த அந்நாளில், செட்டியார் நிமிர்ந்து நடந்தார். அவரால் தமிழ் வகுப்புக்கே ஒரு தனி மதிப்பு வந்தது.

1880-ஆம் ஆண்டு. உடல்நலம் குன்றியது, ஓய்வு பெறும் வேளை வந்தது. அடுத்து யார்? அவர் நெஞ்சில் நின்றவர், 25 வயதை எட்டும் இளைஞர் ஒருவர். உத்தமதானபுரம் சாமிநாதையர்! அதே மகாவித்துவானின் இறுதிக் கால மாணவர். திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக் கொண்டிருந்தவர்.

செட்டியார் சாதி பார்த்தாரில்லை, உறவு பார்த்தாரில்லை. தமிழ் ஒன்றையே பார்த்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ அந்த இளைஞரை அனுப்ப மனமில்லை. செட்டியார் விட்டாரா? மன்றாடினார், வென்றார். கல்லூரியில் செல்வாக்குடன் திகழ்ந்த கோபாலராவிடம் எடுத்துச் சொல்லி இசைவு பெற்றார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் இளைஞர் பணியேற்றார்.

வேலை வாங்கிக் கொடுத்தாயிற்று, நம் கடமை தீர்ந்தது என்று செட்டியார் ஒதுங்கினாரா? இல்லை! மடத்து மாணவர் வேறு, கல்லூரி மாணவர் வேறு என்பதை அறிந்தவர் அவர். வகுப்பில் நடந்துகொள்ள வேண்டிய முறையை உடனிருந்து சொல்லிக் கொடுத்தார். முதல் வகுப்பின்போது அருகிலேயே அமர்ந்து ஊக்கமூட்டினார். தம் நாற்காலியில் இன்னொருவர் இருந்து புகழ் பெறுவதைக் கண்டு பூரித்த உள்ளம் அது!

விளைவு என்ன தெரியுமா? அந்தக் குடந்தை வாழ்க்கையில்தான் சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். பழந்தமிழ் ஏடுகளின் பக்கம் திரும்பினார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. மறு ஆண்டே, 1888-இல், செட்டியார் மறைந்தார். பின்னர் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை! கரையானுக்கு இரையாக இருந்த கருவூலம் தமிழர் கைக்கு வந்தது. செட்டியார் அன்று அந்த இளைஞரை அழைத்து வராதிருந்தால், இத்தனையும் இவ்வாறே நிகழ்ந்திருக்குமா? எண்ணிப் பாருங்கள்!

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கும் உலகம் இது. சாமிநாதையர் அப்படிப்பட்டவரல்லர். ஆசானின் வரலாற்றை நூலாக எழுதினார். சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. செங்கல் சரியலாம், செய்நன்றி சரியாது.

தமக்குப் பின் யார் என்று கேட்டாலே முகம் சுளிக்கும் முதியோர் பலர், பள்ளியிலும் உண்டு, மன்றத்திலும் உண்டு, கட்சியிலும் உண்டு. அவர்கள் ஒருமுறை குடந்தைப் பக்கம் பார்க்கட்டும். அமர்ந்த இடத்தால் மட்டும் பெருமை பெற்றவரல்லர் செட்டியார். எழுந்து, இன்னொருவர்க்கு இடம் கொடுத்ததால் பெருமை பெற்றவர்!