தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

குளுவாங் லம்பாக் மலையடிவாரத்தில் நம்ம சாரணர் பிள்ளைகளோடு கூடாரம் போடும்போதெல்லாம் எனக்கு அன்னி பெசன்ட் அம்மையார் ஞாபகம்தான் வரும். அவங்களுக்கும் சாரணருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சொல்றேன்.

1847-இல் லண்டனில் பிறந்தவர். 1893-இல் இந்தியா வந்தார். கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பிறகு சென்னை அடையாறே அவருக்கு வீடானது.

1907-இல் பேடன் பவல் பிரவுன்ஸி தீவில் சுமார் 20 பையன்களோடு முதல் சாரணர் முகாமை நடத்தினார். இரண்டே வருஷத்தில் சாரணியம் இந்தியாவுக்கும் வந்தது. ஆனா, வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம்ம பசங்களுக்குக் கதவு சாத்தியே கிடந்தது.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. 1916-17 வாக்கில் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் கண்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாடியதும் இந்தியப் பாட்டு. 1917-இல் சுயாட்சி கேட்டதற்காக அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. அப்பவும் அவர் தளரவில்லை. 1921-இல் பேடன் பவலே இந்தியா வந்தார். அம்மையாரின் சங்கமும் பேடன் பவல் இயக்கத்தோடு இணைந்தது, கதவு திறந்தது. 1933-இல் அம்மையார் அடையாறில் காலமானார்.

இன்னிக்கு ஜொகூரில் நமக்கு எந்தக் கதவும் சாத்தலை. ஆனா பாம்பு, மழை, படிப்புன்னு சொல்லி நாமே பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுகிறோம். போராடி வாங்கிய இடம் அது, காலியா விடலாமா? அடுத்த முகாமுக்குப் பெயர் கேட்டா, முதல் கை உங்க கையா இருக்கட்டும்.